கொல்லைக் குளத்துக்கு ஏர் பம்ப்: எது தாங்கும், எது காலை வாரும்

எட்டடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழம். தார்பாய் விரித்தோ சிமெண்ட் பூசியோ வீட்டுக் கொல்லையில் அமைக்கும் சின்ன மீன் குளத்துக்கு இது வசதியான அளவு. தண்ணீர் சுமார் 3,400 லிட்டர் பிடிக்கும். இதில் பத்துப் பன்னிரண்டு கோய் மீன்கள் (வண்ணக் கெண்டை) இருப்பதாக வைத்துக்கொண்டுதான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்று தரும் லீனியர் டயாஃப்ரம் பம்ப் வாங்குங்கள். பட்ஜெட் இடிக்கிறதென்றால் பிஸ்டன் பம்ப் வாங்கலாம், அதன் சூட்டையும் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தொட்டிக்கு வைக்கிற உள்ளங்கை அளவுப் பம்ப்பை மட்டும் குளத்தடிக்குக் கொண்டுவராதீர்கள்.

ஏன் 40 லிட்டர்? மீன் நெரிசலாக இருக்கும் குளத்துக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று என்பது கைக்கணக்கு. மீன் குறைவென்றால் பாதி போதும். நம்மூர் வெயிலுக்குத் தாராளமாக வைப்பதே நல்லது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகும், 35 டிகிரியில் 7-க்கும் கீழே போகும். கோய்க்கு 5, 6 மில்லிகிராமாவது வேண்டும். தண்ணீர் பச்சையாக இருந்தால் பாசி பகலில் ஆக்சிஜனை விடும், ராத்திரி முழுக்க அதையே திரும்ப இழுக்கும். அதனால்தான் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கப் பகலில் பம்ப்பை நிறுத்தினாலும் பிழைக்கலாம், ராத்திரி நிறுத்தினால் பிழைக்க முடியாது.

இன்னொன்று. குமிழியிலிருந்து நேராகக் கரையும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். குமிழிகள் ஏறும்போது அடித்தண்ணீரையும் தூக்கிக்கொண்டு மேலே வருகின்றன. அந்தத் தண்ணீர் மேற்பரப்பில் பரவிக் காற்றைத் தொடும்போதுதான் பெரும்பங்கு ஆக்சிஜன் சேர்கிறது. டியூப் முனையில் காற்றைக் குமிழியாக்கும் நுண்துளைக் கல் (ஏர் ஸ்டோன்) எவ்வளவு அழகாக நுரைக்கிறது என்று பார்க்காமல், குளத்தின் மேற்பரப்பு எவ்வளவு தூரம் அசைகிறது என்று பாருங்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கு பல நேரங்களில் டியூப் இல்லாமல், கல் இல்லாமல், வெறும் காற்றில் அளந்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். நம் இரண்டரை அடிக்கு 7.5. கல்லும் டியூபும் தின்பதைச் சேர்த்தால் பம்ப் எப்போதும் 10-க்கு மேல் தள்ளியாக வேண்டும். தொட்டிப் பம்ப் தோற்பது இங்கேதான். ஓரடித் தொட்டியில் கொப்பளித்தது, இரண்டரை அடிக்கு இறக்கினால் முனகிக்கொண்டு நாலு குமிழி விடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை லிட்டர்?" அல்ல, "எந்த அழுத்தத்தில் எத்தனை லிட்டர்?"

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பம்ப்புகளில் ஜப்பானின் ஹைபுளோ எச்.பி. வரிசை ஒன்று. எச்.பி.-40 என்றால் 13 கிலோபாஸ்கல் அழுத்தத்திலேயே 40 லிட்டர். மின்சாரம் 38 வாட் அளவில் எடுக்கும். நாள் முழுக்க ஓடினால் 0.9 யூனிட், இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 55 யூனிட். ரெசன் எல்.பி. வரிசை, ஹைலியா வி வரிசை போன்ற சீனத் தயாரிப்புகளும் இதே லீனியர் அமைப்புதான். உள்ளே இரண்டு மின்காந்தங்களுக்கு நடுவே காந்தம் பதித்த ஒரு தண்டு முன்னும் பின்னும் ஆடுகிறது, அதன் இரு முனையிலும் காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு, அதுதான் டயாஃப்ரம். சுழலும் மோட்டார் கிடையாது, உராயும் பாகம் கிடையாது. சத்தம் ஒரே சீரான ரீங்காரம். தேய்வது ரப்பர் மட்டும்தான், ஆகவே இந்த வகையில் எந்தப் பிராண்ட் வாங்கினாலும் அதே மாடலுக்கான டயாஃப்ரம் செட் அந்தக் கடையில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கையோடு ஒன்று வாங்கிவிடுங்கள். சென்னை கொளத்தூர் போல மீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் வாங்கினால் இந்த உதிரி பாகத்துக்கு அலைச்சல் குறைவு.

பிஸ்டன் வகை, அதாவது ஏ.சி.ஓ. என்ற பெயரில் கிடைக்கும் உலோக உடல் பம்ப், ஆழமான தொட்டிக்கும் நீளமான குழாய்க்கும் நல்ல பலம். அழுத்தம் தாராளமாகத் தரும். குறை என்னவென்றால் உடம்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், கடகடவென்று அதிரும், உள்ளிருக்கும் பிஸ்டன் வளையம் தேயத் தேயக் காற்று குறையும். சத்தம் கூடிவிட்டதென்று சிலர் தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விடுகிறார்கள். விடவே கூடாது. இது எண்ணெய் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்தது. எண்ணெய் உள்ளே தூசியைப் பிடித்துப் பசையாக்கும், காற்றோடு போய்க் குளத்தின் மேல் படலமாகவும் மிதக்கும்.

இனி பொருத்துவது. பம்ப் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கரண்ட் போனதும் டியூபில் நிற்கும் தண்ணீர் பின்னால் இழுபட்டுக் கீழே இருக்கும் பம்ப்புக்குள் இறங்கிவிடும், பம்ப் அத்தோடு முடிந்தது. மேலே வைக்க இடமில்லையென்றால் ஒவ்வொரு டியூபிலும் செக் வால்வ், அதாவது ஒரே பக்கம் மட்டும் காற்றை விடும் வால்வ், போடுங்கள். வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போகும் பக்கம்தான் குளத்தைப் பார்க்க வேண்டும். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் நாக்கு ஒரு வருடத்தில் ஒட்டிக்கொள்ளும், அதை மட்டுமே நம்ப வேண்டாம். டியூபை நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே வளைத்து இறக்குங்கள்.

தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் அடுக்கி, மேலே ரப்பர் பாய்த் துண்டு போட்டு வைக்கவும். வெயிலும் மழையும் படாத நிழல் வேண்டும், நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். சத்தத்துக்குப் பயந்து மூடிய பெட்டிக்குள் அடைத்தால் சூட்டில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். பம்ப் எந்தக் காற்றை இழுக்கிறதோ அதைத்தான் குளத்துக்குள் ஊதும். பக்கத்தில் கொசுவத்தி, பூச்சிமருந்து, பெயின்ட் வேலை, ஜெனரேட்டர் புகை எதுவும் கூடாது.

டியூப் விஷயத்தில்தான் பாதிப் பேர் காசைக் கோட்டைவிடுகிறார்கள். 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மெல்லிய டியூபில் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றைத் தள்ளினால் மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் வீணாகும். மூன்று மீட்டர் இழுத்தால் குளத்தை ஓரடி ஆழப்படுத்தியதற்குச் சமம். அதே காற்று 8 மில்லிமீட்டர் டியூபில் போனால் இழப்பு கண்ணுக்கே தெரியாது. பம்ப்பின் ரப்பர் முழங்கையிலிருந்து கரை வரைக்கும் முக்கால் அங்குல ஹோஸ், கரையில் காற்றைப் பல டியூப்களுக்குப் பிரிக்கும் டிவைடர், அங்கிருந்து நான்கு 8 மில்லிமீட்டர் டியூப், ஒவ்வொன்றிலும் நாலு அங்குல வட்டக் கல். இதுதான் எங்கள் பரிந்துரை. பம்ப்பிலிருந்து வரும் காற்று சூடானது, முதல் அரை மீட்டருக்குக் கிளிப் போடாத பிளாஸ்டிக் டியூப் இளகிக் கழன்றுவிடும். நான்கு கல்லுக்குப் பதில் ஒன்பது அங்குல ரப்பர் டிஸ்க் ஒன்றே போதும் என்பவர்களும் உண்டு. அது அடைப்பதும் குறைவு, ஆனால் குமிழி ஒரே இடத்தில் குவியும்.

கல்லைத் தரையில் போடாமல் அடியிலிருந்து அரையடி உயரத்தில் வையுங்கள். சேற்றில் கிடந்தால் கலங்கலையும் சேர்த்துக் கிளப்பும். அல்லி வைத்திருந்தால் இரண்டடி தள்ளி வையுங்கள், தண்ணீர் ஓயாமல் அலைந்தால் அதற்குப் பிடிக்காது. பழைய குளத்தில், அடியில் கறுப்புச் சேறு சேர்ந்திருந்தால், முதல் நாளே முழுவேகத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள். அழுகல் வாயுவோடு ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீர் ஒரேயடியாக மேலே வந்து மீனைக் கொன்றுவிடும். முதல் நாள் அரைமணி, மறுநாள் ஒரு மணி, அடுத்து இரண்டு என்று ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போகவும்.

பொருத்திய பிறகு அளந்து பாருங்கள். 5 லிட்டர் வாளியைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்து, ஒரு கல்லின் மேலே பிடித்தால் குமிழிகள் வாளியை நிரப்பும். 30 வினாடியில் நிரம்பினால் அந்தக் கல்லுக்கு 10 லிட்டர் வருகிறது. வாளி நிரம்ப நிரம்ப மேலே முட்டும், இறுக்கிப் பிடிக்க வேண்டும். இந்த எண்ணை எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வாளி 50 வினாடி எடுத்தால் எங்கோ அடைப்பு. கல்லைக் கழற்றியதும் காற்று சீறினால் குற்றம் கல்லில். போர்வெல் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து இப்படி ஆகும், வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவினால் திறக்கும். கல் இல்லாமலும் மந்தமென்றால் பம்ப்பின் மேல் மூடியைத் திறந்து ஃபில்டர் பஞ்சைப் பாருங்கள். தெருப் புழுதி உள்ள இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தட்டிக் கழுவ வேண்டும். அதுவும் சுத்தமென்றால் டயாஃப்ரம். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று புதிது மற்றது பழையது என்றால் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து மின்காந்தத்தில் இடிக்கும்.

காற்று அதிகமாகத் தோன்றினால் டிவைடரின் வால்வுகளைத் திருகி அடைக்கக் கூடாது. அடைத்த காற்று பம்ப்பைத்தான் திருப்பி அழுத்தும், சூடேறி ரப்பர் கிழியும். மிச்சக் காற்றை டிவைடரின் ஒரு வாய் வழியாக வெளியே திறந்துவிடுங்கள்.

வயரிங்குக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கிவிட்டு மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் மழைத்தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாமல் கீழே சொட்டும்.

கரண்ட் போகும் ஊரில் சதுர அலை இன்வெர்ட்டரை நம்பி இந்தப் பம்ப்பை மாட்டாதீர்கள், உறுமிக்கொண்டு சூடேறும். சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் சரி. இல்லையென்றால் 5 வாட் அளவுள்ள 12 வோல்ட் டி.சி. பம்ப் ஒன்றும் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றும் தனியாக வையுங்கள். பத்து மணி நேரம் இழுக்கும். 40 லிட்டருக்கு அது ஈடில்லை, ஆனால் ஒரு ராத்திரியை ஓட்டிவிடும். அதன் கல்லை ஓரடி ஆழத்தில் மட்டும் தொங்கவிடுங்கள், அடிவரை தள்ள அதற்குத் தெம்பில்லை.