சிஐசி டியூப் எதை வாங்கலாம்? பிவிசி நெலட்டான், சிலிக்கான், ஹைட்ரோஃபிலிக்: ஒரு மதிப்பீடு

முதுகை மூடும் அறுவை நல்லபடியாக முடிந்தாலும், ஸ்பைனா பைஃபிடா (முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறப்பது) உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் சரியாக வேலை செய்வதில்லை. பை முழுதாகக் காலியாகாது. தேங்கும் சிறுநீரின் அழுத்தம் மேலேறிக் கிட்னியைக் கெடுக்கும். அதற்குத்தான் சிஐசி (க்ளீன் இன்டர்மிட்டன்ட் கதீட்டரைசேஷன்): பகலில் 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் விட்டுச் சிறுநீரை எடுத்துவிடுவது. 1972-ல் மிச்சிகனில் ஜாக் லேப்பிடிஸ் இதைக் கொண்டுவந்தபோதே, கிருமியைவிடப் பை அளவுக்கு மீறி விரிவதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம் என்று வாதிட்டார். டியூபை மதிப்பிடும்போதும் எங்கள் அளவுகோல் அதுதான்: நேரம் தவறாமல், முழுதாகக் காலிசெய்ய எது உதவுகிறது?

முதலில் வாங்கவே கூடாதது, சிவப்பு ரப்பர் கதீட்டர் (டியூப்). அது லேடெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர். சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்ப அறுவைக்குப் போகும் இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் அலர்ஜி வரும் வாய்ப்பு மிக அதிகம், உயிருக்கே ஆபத்தாகலாம். கையுறை தேவைப்பட்டால் லேடெக்ஸ் இல்லாத நைட்ரைல் கேளுங்கள். வீட்டில் அம்மா செய்வதற்கு சோப்புப் போட்டுக் கழுவிய கையே போதும்.

நெலட்டான் என்னும் நேரான சாதாரண பிவிசி பிளாஸ்டிக் டியூப்தான் மெடிக்கல் ஷாப்பில் எளிதாகக் கிடைப்பது, விலையும் குறைவு. பின்முனையின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: 6 நம்பர் வெளிர்பச்சை, 8 நீலம், 10 கறுப்பு, 12 வெள்ளை. நம்பரை 3-ஆல் வகுத்தால் குறுக்களவு மில்லிமீட்டரில் வரும். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் 6, பள்ளி வயதில் 8 அல்லது 10. உங்கள் குழந்தைக்கு எது என்பதை யூராலஜிஸ்ட் சொல்லட்டும். வலிக்கக் கூடாதென்று ரொம்பச் சின்னதாக வாங்கினால் சிறுநீர் மெதுவாக வடியும், குழந்தை நெளியும், பாதியிலேயே டியூபை எடுத்துவிடுவோம். மிச்சம் தேங்குவது இப்படித்தான்.

பிவிசியின் குறை அதன் கண்களில் இருக்கிறது. நுனிக்கருகில் பக்கவாட்டில் உள்ள இரண்டு துளைகளைச் சொல்கிறோம். பிராண்டுக்குப் பிராண்டு அவற்றின் விளிம்பு மாறுகிறது. புதுக் கட்டு வாங்கியதும் ஒரு டியூபைப் பிரித்து, துளையின் மேல் பஞ்சை லேசாக இழுத்துப் பாருங்கள். நார் மாட்டினால் விளிம்பு கரடாக இருக்கிறது. நாளுக்கு ஐந்தாறு தடவை அதுதான் உள்ளே உரசப்போகிறது. அந்தக் கட்டு வேண்டாம்.

பாக்கெட்டில் வட்டத்துக்குள் 2 என்று போட்டு அடித்திருக்கும். ஒரு முறைக்குத்தான் என்று அர்த்தம். செலவு கருதிப் பல மருத்துவமனைகள் கழுவிப் பயன்படுத்தச் சொல்லித் தருகின்றன. அப்படியானால் எடுத்த உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, 10 மில்லி சிரிஞ்சால் உள்ளேயும் பீய்ச்சி, நல்ல தண்ணீரில் அலசி, உதறி, முழுதாகக் காயவிட்டு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டால் கிருமி வளரும். கொதிக்க வைத்தால் பிவிசி வளைந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே டியூபை ஓட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. விறைத்தாலோ மங்கினாலோ அதற்கு முன்பே தூக்கிப் போடுங்கள்.

சிலிக்கான் மென்மையானது, கொதிக்க வைக்கலாம், நாள்பட உழைக்கும். ஆனால் சிறு அளவுகளில் தொளதொளவென்று இருப்பதால், பையன்களுக்குச் சுருக்குத்தசை (சிறுநீர்ப்பையின் வாயை மூடும் தசை) அருகே போனதும் மடங்குகிறது. பெண் குழந்தைகளுக்கு நன்றாக ஒத்துவரும்.

ஹைட்ரோஃபிலிக் என்பது நனைந்தால் வழுக்கும் பூச்சுள்ள டியூப். இந்த வகையில் லோஃப்ரிக் என்ற பிராண்டைத் தண்ணீரில் 30 விநாடி நனைக்க வேண்டும். ஸ்பீடிகேத் என்ற பிராண்ட் நனைந்தே வருகிறது. ஜெல் தேவையில்லை, வழுக்கிக்கொண்டு போகும். சிறுநீர்வழியில் தொடு உணர்ச்சி உள்ள பையன்கள், ஏற்கெனவே உள்ளே கிழிந்து பொய்வழி (டியூப் தவறிப் போகும் பாதை) விழுந்தவர்கள் ஆகியோருக்குப் பணம் கொடுத்தாலும் தகும். பள்ளியில் தானே செய்துகொள்ளும் பிள்ளைக்கும் அப்படியே. ஆனால் இதைக் கழுவி மறுபடி விடவே கூடாது. பூச்சு காய்ந்து சதையில் ஒட்டும். வீட்டில் பிவிசி, பள்ளிக்கு இது என்று பிரித்துக்கொள்வதே பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும்.

பிவிசிக்குத் தண்ணீரில் கரையும் ஜெல் மட்டுமே. வாஸ்லினும் தேங்காய் எண்ணெயும் கரையாமல் கண்களை அடைக்கும். மரப்பு ஜெல்லைத் தினமும் பல தடவை போடுவதும் நல்லதல்ல, மருந்து உடம்பில் ஏறும்.

எந்த டியூபானாலும் ஓட்டம் நின்றதும் உருவிவிடாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் மெதுவாக வெளியே இழுத்தால் கீழே தேங்கியது மறுபடி வரும்; அதுவும் நின்றபின் எடுங்கள். சுருக்குத்தசையில் தடுத்தால் தள்ளாமல், லேசாக அழுத்திப் பிடித்தபடி குழந்தையை மூச்சு இழுத்துவிடச் சொல்லுங்கள். பெண் குழந்தைக்குத் தவறிப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால், அந்த டியூபை அங்கேயே அடையாளமாக விட்டு, வேறொன்றை அதற்கு மேலே உள்ள சிறுநீர்த் துளையில் விடுங்கள்.

டியூபோடு ஓர் அளவு ஜாடியும் வாங்குங்கள். வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் பையின் கொள்ளளவு உத்தேசமாக மில்லியில் வரும். 4 வயதுக்கு 180. ஒரு தடவையில் 250 வந்தால் இடைவெளி அதிகம். டியூபை மாற்றாமலே, நேரம் தவறாமலே புதிதாகக் கசிவு தொடங்கினால் குற்றம் டியூபில் இல்லை. அதோடு முதுகுவலியோ கால் பலவீனமோ சேர்ந்தால் தண்டுவடம் தழும்பில் ஒட்டி இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் கலங்கல் மட்டும் இருந்து காய்ச்சல் இல்லையென்றால் ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கித் தராதீர்கள். காய்ச்சல், வாந்தி என்றால் அன்றே டாக்டர். தலையில் ஷண்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தையாக இருந்தால் யூரின் டெஸ்டோடு ஷண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.