குரூசோவின் பெட்டியில் வேதபுத்தகம் இருக்கிறதா? வீட்டுக்கல்விக் குடும்பங்களின் கூட்டு வாசிப்பில் தேறிய நூல்கள்

பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்க நூல் தேடும் கிறிஸ்தவப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது "எந்தப் புத்தகம்?" என்றுதான். பல வருஷம் கைமாறித் தேய்ந்த புத்தகங்களை வைத்துச் சொல்வதானால், அதற்கு முன் கேட்கவேண்டியது "எந்தப் பதிப்பு?". ஒரே தலைப்பில் முழுநூலும் கிடைக்கும், அறுபது பக்கச் சுருக்கமும் கிடைக்கும். சுருக்குகிறவர் முதலில் கைவைப்பது ஜெபத்திலும் மனந்திரும்புதலிலும்தான். கதை ஓட அவை வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது.

டேனியல் டீஃபோவின் ராபின்சன் குரூசோவை (1719) எடுங்கள். தீவில் குளிர்காய்ச்சலில் கிடக்கும் குரூசோவுக்கு, பிரேசில்காரர்கள் எந்த நோய்க்கும் புகையிலையையே மருந்தாகக் கொள்வது நினைவு வருகிறது. பெட்டியைத் திறக்கிறான், புகையிலையோடு வேதபுத்தகமும் இருக்கிறது. புகையிலையை மென்று பார்க்கிறான், ரம்மில் ஊறவைக்கிறான், கனலில் போட்டு முகர்கிறான். இதற்கிடையே புத்தகத்தைத் திறந்தால் கண்ணில் படுவது 50ஆம் சங்கீதம்: "ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு." வாழ்நாளில் அதுவரை செய்யாத ஒன்றை அன்றிரவு செய்கிறான்: முழங்காலிட்டு ஜெபிக்கிறான்.

கடையில் சுருக்கப் பதிப்பு கையில் வந்தால் இந்த ஒரு காட்சியை மட்டும் தேடுங்கள். பல சிறுவர் பதிப்புகளில் காய்ச்சல் வரும், போகும், பெட்டி திறக்காது. இன்னொன்றையும் பாருங்கள். தன்னோடு தப்பிவந்த சூரி என்ற பையனைக் குரூசோ ஒரு கப்பல் தலைவனிடம் விற்றுவிடுகிறான். குரூசோவின் கப்பல் உடைந்ததும் அடிமைகளை வாங்கிவரப் போன பயணத்தில்தான். இதை வெட்டிய பதிப்பு அவனைக் குற்றமற்ற வீரனாக்கிவிடுகிறது. அடிமை வியாபாரம் பாவம் என்று அவன் உணர்ந்ததாக டீஃபோ எழுதவில்லை. பத்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளோடு நிறுத்திப் பேசவேண்டிய இடம் அது.

மலையில் தாத்தாவோடு வாழும் சிறுமியின் கதையான யோஹன்னா ஸ்பைரியின் ஹைடியிலும் (1880, 1881 என இரண்டு பாகம்) இதே கதிதான். கேட்டது கிடைக்கவில்லை என்று ஹைடி ஜெபத்தை விட்டுவிடுவது, பிராங்க்ஃபர்ட் பாட்டி அதற்குச் சொல்லும் பதில், ஹைடி வாசிக்கும் கெட்ட குமாரன் கதையைக் கேட்டுத் தாத்தா பல வருஷத்துக்குப் பிறகு கோவிலுக்குப் போவது ஆகிய மூன்றும் இல்லையென்றால் மிஞ்சுவது ஆடும் பாலாடைக்கட்டியும்தான். ஆங்கிலம் பிடிபடாத சின்னப் பிள்ளைகள் இருந்தால், பக்கத்தைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போக ஹைடி வளைந்துகொடுக்கும்.

ஜான் பன்யன் வளைந்துகொடுக்க மாட்டார். கிறிஸ்தியான் என்பவன் பரலோகத்தை நோக்கி நடக்கும் கதையாக 1678இல் முதல் பாகமும் 1684இல் இரண்டாம் பாகமும் வந்த மோட்சப் பிரயாணம்தான் இந்தப் பட்டியலில் அதிக உழைப்பு கேட்பது, அதிக நாள் நிற்பதும் அதுவே. இரண்டு பாகமும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஏறக்குறைய 1,08,000 சொற்கள். நிமிஷத்துக்கு 120 சொல் என்று நிதானமாக வாசித்தால் 15 மணி நேரம். நாளுக்கு 20 நிமிஷம் என்றால் 45 நாள். நிறுத்தி விளக்கினால் கணக்கு எளிதாக இரட்டிக்கும். மூலத்தில் அத்தியாயப் பிரிவே கிடையாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போய், பாதியில் கைவிட்ட வீடுகள் அதிகம். தொடங்குமுன் பென்சிலால் நிறுத்தக்கோடு போட்டுவையுங்கள்: இடுக்கமான வாசல், சிலுவையடி, அப்பொல்லியோன் சண்டை, மாயாபுரிச் சந்தை, சந்தேகக் கோட்டை, கடைசி நதி.

வழியில் கிறிஸ்தியான் தங்கும் வியாக்கியானியின் வீட்டில் மட்டும் ஏழு காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே மூச்சில் வாசித்தால் ஒன்றும் தங்காது. நாளுக்கு ஒன்று போதும். தூசி நிறைந்த அறையை ஒருவன் பெருக்குகிறான். தூசி கிளம்பி கிறிஸ்தியானுக்கு மூச்சுமுட்டுகிறது. பிறகு ஒரு பெண் தண்ணீர் தெளிக்க, அறை சுத்தமாகிறது. பெருக்குவது நியாயப்பிரமாணம், தண்ணீர் சுவிசேஷம். வாசல் தெளித்துப் பெருக்குவதைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அதே வீட்டின் இரும்புக் கூண்டு மனிதன், தனக்கு இனி மன்னிப்பே இல்லை என்கிறவன், ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தூங்கவிடமாட்டான். அவனைத் தாண்டிப் போய்விடலாம். சந்தையில் கிறிஸ்தியானின் தோழன் சித்திரவதைப்பட்டுக் கம்பத்தில் எரிக்கப்படுவதும், பரலோக வாசல்வரை வந்த ஒருவன் நரகத்துக்கு அனுப்பப்படுவதும் பெரிய பிள்ளைகளுக்கு உரியவை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு முன்னறிவிப்பு: மரண இருளின் பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் போப்பாண்டவரைக் கிழட்டு ராட்சதனாகப் பன்யன் நிறுத்தியிருக்கிறார்.

இதே கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழ்க் காப்பியமாக்கிய இரட்சணிய யாத்திரிகம் (1894), 3,766 பாடல், ஐந்து பருவம். முழுவதையும் வாசிக்கலாம் என்று இறங்காதீர்கள். பதம் பிரித்துப் படிக்கவே பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். இதிலிருந்து கோவிலில் பாடும் "சத்தாய் நிஷ்களமாய்" பிள்ளைகளுக்கு ராகத்தோடு தெரிந்திருக்கும். அங்கே தொடங்கி, குமார பருவத்தில் வரும் இயேசுவின் பாடுகளுக்குப் போகலாம். தவக்காலத்தில் நாளுக்கு நான்கைந்து பாடல் தாராளம்.

மிஷனெரி சரித்திரங்கள் குவிந்து கிடக்கின்றன, தேறுபவை குறைவு. தமிழ்நாட்டில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேலைப் பற்றிய சிறுவர் நூல் என்றால் பொன்னம்மாளின் பெயர் வருகிறதா பாருங்கள். டோனாவூரில் ஏமியோடு உழைத்த அவரைப் பற்றி ஏமியே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரருக்கு மட்டும் பெயர் கொடுத்து, மற்றவர்களை "உள்ளூர்ப் பெண்கள்" என்று கடந்துபோகும் நூலை எங்கள் அலமாரியில் வைப்பதில்லை.

சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் ஏழும் பெரும்பாலும் எல்லா வீட்டிலும் ஓடும். இப்போதைய பெட்டிப் பதிப்புகள் கதைக் காலப்படி எண் போட்டு வருகின்றன. அந்த எண்ணை மறந்துவிட்டு 1950இல் முதலில் வந்த சிங்கம், சூனியக்காரி, அலமாரி கதையிலேயே தொடங்குங்கள். அஸ்லான் என்ற சிங்கம் யார் என்று பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் மற்ற வரிசையில் பாதியாகிவிடும். சின்னவர்கள் வாயைத் திறக்குமுன் "அஸ்லான்தான் இயேசு" என்று பெரியவர்கள் முந்திக்கொள்வதும் கூடாது.

வாசித்தபின் கேள்வித்தாள் வேண்டாம். ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் முறைப்படி ஒரே தடவை வாசித்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குமுன் அதையும் கட்டாயப்படுத்தவேண்டாம் என்பது அவர் விதி. மூத்தவர் முதலில் சொன்னால் இளையவர் "அதேதான்" என்று நழுவிவிடுவார். அதனால் எப்போதும் கடைக்குட்டியிலிருந்து தொடங்கி, விட்டதை மூத்தவர் நிரப்பட்டும்.