ராட்வைலருக்கு இடுப்பு மூட்டுப் பரிசோதனை: ஒரு தனியார் மருத்துவமனையின் சேவை

ராட்வைலர் இன நாயை வாங்குபவர்கள் தலையின் அகலத்தையும் மார்பின் கனத்தையும் பார்க்கிறார்களே தவிர, 50 கிலோவைத் தொடக்கூடிய அந்த உடலைச் சுமக்கும் இடுப்பு மூட்டைப் பற்றி விசாரிப்பதில்லை. தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து நிற்கும் ஹிப் டிஸ்ப்ளேசியா, இந்த இனத்தில் பரவலாகக் காணப்படும் பரம்பரைக் கோளாறு. ஜெர்மனியின் ராட்வைலர் சங்கமான ஏ.டி.ஆர்.கே. இடுப்பு எக்ஸ்ரே இல்லாமல் இனப்பெருக்கத்துக்கு அனுமதிப்பதில்லை. இங்கோ, தாய் தகப்பனின் எக்ஸ்ரேயைக் கேட்டால் வம்சாவளிச் சான்றிதழைத்தான் நீட்டுகிறார்கள்.

எங்கள் வீராவுக்கு இரண்டு வயது முடிந்ததும் கோவையில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டோம். மருத்துவர் நேராக எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை. முதலில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து கவனித்தார். ஓடும்போது பின்கால்கள் இரண்டையும் சேர்த்து முயலைப் போலத் தாவுகிறானா என்று கேட்டார். முழங்கை மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்த்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பாதை குறுகிப்போகும் பிறவிக் குறை இந்த இனத்தில் உண்டு என்பதால், இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார்.

எக்ஸ்ரே எடுத்த விதம்தான் இந்த இடத்தைப் பரிந்துரைக்க முதல் காரணம். மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்கால்கள் இரண்டையும் இணையாக நீட்டி, முழங்கால்களை உள்நோக்கித் திருப்பிப் படம் எடுக்க வேண்டும். இடுப்பு சற்றுச் சாய்ந்தாலும் நல்ல மூட்டு கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும். முதல் படம் சாய்ந்திருந்ததை அவர்களே சுட்டிக்காட்டி, கூடுதல் கட்டணமின்றி மறுபடி எடுத்தார்கள்.

இடப்புற மூட்டில் லேசான தளர்ச்சி என்பது முடிவு. மாத்திரைக்கு முன்பாக எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டுமாம், எங்கள் வீட்டிலோ அதைப் பட்டினி போடுவதாக நினைப்பார்கள். நடுவயதுக்குப் பிறகு மணிக்கட்டருகிலோ தோளருகிலோ வீங்கி நொண்டினால், வாதம் என்று வலிமருந்து கொடுத்துக் காத்திருக்காமல் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும், ராட்வைலர்களுக்கு எலும்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்றும் எச்சரித்தார்.

குறைகளும் உண்டு. மூட்டு நோயாளிகள் வந்துபோகும் கூடத்தில் வழவழப்பான டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். எழுந்து நிற்கவே வீரா நகங்களால் தரையைப் பிறாண்டினான். தொலைபேசியில் சொன்ன கட்டணத்தில் மயக்க மருந்துச் செலவு சேர்ந்திருக்கவில்லை. மூட்டுக்கு நல்லதென்று விற்கப்படும், மருத்துவர் எழுதாத குளுக்கோசமைன் பொடியை மருந்துக் கவுன்டரில் நீட்டினார்கள். அது நாய்களுக்கு எந்த அளவு பயன்படும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லாததால் வாங்காமல் வந்தோம். அறிக்கையில் மூட்டின் தரநிலையையும் குறிப்பிட்டிருக்கலாம்.

போகிறவர்கள் முழுத் தொகையையும் முன்பே கேட்டுக்கொள்வதும், முந்தைய இரவுக்குப் பின் உணவு கொடுக்காமல் அழைத்துச் செல்வதும், ஒரு ரப்பர் விரிப்பை உடன் எடுத்துச் செல்வதும் நல்லது. கேட்டால் எக்ஸ்ரே படத்தைக் கைபேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.