டபிள்யூசிஎஃப் சர்வீஸை எங்கே குடியேற்றுவது?

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில், செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள டபிள்யூசிஎஃப், பல படிகள் கொண்ட வேலை ஓட்டத்துக்கு டபிள்யூஎஃப். 2006-இல் டாட்நெட் 3.0-உடன் இரண்டும் சேர்ந்தே வந்தன. 2019 மே மாதம், டபிள்யூசிஎஃப்-இன் சர்வர் பக்கத்தையும் டபிள்யூஎஃப்-ஐயும் புதிய டாட்நெட்டுக்கு (டாட்நெட் ஃப்ரேம்வொர்க்குக்கு அடுத்து வந்த, லினக்ஸிலும் ஓடும் வடிவம்) கொண்டுவரப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய நிரல்களை வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள்.

ஒன்று, டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-லேயே இருந்துவிடுவது. கேலிக்குரிய வழி இல்லை இது. அது விண்டோஸோடு சேர்ந்தே வாழ்கிறது, நாளைக்கே நின்றுவிடாது. லினக்ஸ் கன்டெய்னரில் (செயலியை அதன் தேவைகளோடு பொதிந்து ஓட்டும் பெட்டி) ஓட்டும் ஆசை மட்டும் நடக்காது.

இரண்டு, ஜிஆர்பிசி: வேறொரு செயலியில் உள்ள ஃபங்ஷனை நெட்வொர்க் வழியே அழைக்கும் முறை. மைக்ரோசாஃப்ட் அன்று கைகாட்டியது இதைத்தான். ஹெச்டிடிபி 2 மேல் ஓடும், தகவல் பைனரியாகப் போவதால், டபிள்யூசிஎஃப் வழக்கமாக அனுப்பும் சோப் (SOAP) எக்ஸ்எம்எல் செய்தியைவிட மிகச் சிறிது. ஆனால் இது வீடு மாறுவதல்ல, இடித்துக் கட்டுவது. சர்வீஸை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைல் போய், அதே வேலைக்குப் புரோட்டோ ஃபைல் வரும். பிழைகளை முன்கூட்டியே வரையறுக்கும் ஃபால்ட் கான்ட்ராக்ட் இல்லை, ஸ்டேட்டஸ் கோடு வைத்துச் சமாளிக்க வேண்டும். பிரவுசர் நேரடியாக அழைக்க முடியாது, அதற்கென உள்ள ஜிஆர்பிசி-வெப் தேவை. எல்லாவற்றையும்விட, ஜிஆர்பிசி தகவலைப் பொதியும் புரோட்டோபஃபில், தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையே கிடையாது! ரூபாய்-பைசா கணக்கை டபுளில் (தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) போட்டு அனுப்பினால் எங்கோ ஒரு பைசா உதைக்கும். முழு எண்ணாகப் பைசாவிலேயே அனுப்புங்கள், அல்லது தனி மெசேஜ் ஒன்று வரையுங்கள்.

மூன்று, கோர்டபிள்யூசிஎஃப்: டபிள்யூசிஎஃப் சர்வர் பக்கத்தைப் புதிய டாட்நெட்டில் ஓட்டும் திட்டம். சமூகத் திட்டமாகத் தொடங்கி 2022 ஏப்ரலில் 1.0 வந்தது, மைக்ரோசாஃப்ட் ஆதரவும் உண்டு. சர்வீஸ் என்னென்ன செய்யும் என்று சொல்லும் சர்வீஸ் கான்ட்ராக்ட் அப்படியே நிற்கும், நிரலில் குறிப்பிடும் நேம்ஸ்பேஸ் பெயர் மாறும். பேசிக் ஹெச்டிடிபி, நெட் டிசிபி என்ற இரண்டு பைண்டிங்குகளும் (இணைப்பு முறைகள்) ஓடும். டபிள்யூசிஎஃப்-இல் இருந்த எல்லாமே இங்கே இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்; உங்கள் பைண்டிங்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு இறங்குங்கள்.

என்னைக் கேட்டால், கிளையன்ட் (சர்வீஸை அழைக்கும் செயலி) யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். இரு முனையும் நம்முடையது என்றால் ஜிஆர்பிசி. மறுமுனையில் ஏதோ வங்கியின் பழைய சோப் கிளையன்ட் என்றால் கோர்டபிள்யூசிஎஃப். அவர்களை மாற்றச் சொல்லிக் காத்திருந்தால் காலம்தான் போகும்.

டபிள்யூஎஃப் பக்கம் தேர்வு குறைவு. யூஐபாத் நிறுவனம் பராமரிக்கும் கோர்டபிள்யூஎஃப், பழைய ஆக்டிவிட்டிகளை (வேலை ஓட்டத்தின் படிகள்) காப்பாற்றும். புதிதாக எழுதுவதானால் எல்சா என்ற வேலை ஓட்ட நூலகத்தைப் பார்க்கலாம். எதை எடுத்தாலும், பாதியில் தூங்கும் இன்ஸ்டன்ஸ்களை (தொடங்கி இன்னும் முடியாத ஓட்டங்கள்) நகர்த்தப் பார்க்காதீர்கள். பழைய சர்வரிலேயே அவை ஓடி முடியட்டும், புதியவை புதுப்பக்கம் தொடங்கட்டும்.