ஆறு வருடமாக ஒரே ரெசிஸ்டிவிட்டி மீட்டர்: என் அனுபவம்

குழித்துறைப் பக்கம் தாமிரபரணிக் கரையிலும் குலசேகரம் ரப்பர் தோட்டங்களிலும் ஆறு வருடமாக இந்த மீட்டரை வைத்துத்தான் கிணற்றுக்கு இடம் பார்க்கிறேன். நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று எண்ணில் காட்டும் கருவி இது: பாறை என்றால் எண் ஏறும், ஈர மண் என்றால் இறங்கும். நான்கு கம்பி, ஒயர், பேட்டரி, அவ்வளவுதான். வெளிக்கம்பி இரண்டிலும் மின்சாரம் விட்டு, உள்கம்பி இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் பார்க்க வேண்டும். நான்கு கம்பியையும் சம இடைவெளியில் நடும் வென்னர் முறையில் கம்பிக்குக் கம்பி 30 மீட்டர் விட்டால் ஏறக்குறைய 15 மீட்டர் ஆழம் தெரியும். அதற்கு 90 மீட்டர் நேர்க்கோடு வேண்டும், வேலி தாண்டாமல் அது கிடைப்பதே நம் ஊரில் பெரும்பாடு.

மீட்டர் இன்றுவரை படுத்ததில்லை. கூடக் கொடுத்த ஒயர்தான் ஒரு வருடத்தில் உள்ளுக்குள்ளேயே அற்றுப்போனது, மாற்றிவிட்டேன். கோடையில் வெட்டுக்கல் தரையில் கம்பி சரியாகப் பிடிக்காமல் எண் தாவிக்கொண்டே இருக்கும். கம்பியைச் சுற்றிச் சின்னக் குழி பறித்து ஒரு சிரட்டை உப்புத்தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் எண் அடங்கி நிற்கும், இதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

இனி முக்கியமான விஷயம். ஆற்றிலிருந்து படிப்படியாக ஏறும் ஒரு பெரியவரின் விளையில் (தோட்டத்தில்), மேல் படியில், ஒரு சித்திரை மாதம் 2,400 ஓம் மீட்டர் வந்தது, கம்பி இடைவெளி 5 மீட்டர்தான். "பாறை, பாட்டா" என்றேன் அந்தப் பெரியவரிடம். "மக்கா, நம்ம அப்பன் காலத்துல ஆறு இதுக்க மேலத்தான் ஓடிச்சு, கீழ மணலுதான் கெடக்கும்" என்றார் அவர். மழைக்குப் பிறகு ஆனி மாதம் அதே குச்சி அடையாளத்தில் அளந்தேன், 600. பாறை இரண்டு மாதத்தில் இப்படி இறங்காது. குழி வெட்டினோம், உருளைக்கல்லும் பருமணலும். காய்ந்த மணல் பாறை மாதிரி எண் காட்டியிருக்கிறது, என் வாக்கை நம்பி அவர் கிணற்றையே கைவிட்டிருப்பார், நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது.

எண் இப்படி ஏமாற்றுவது வேறெங்கும் உண்டா என்று அப்புறம்தான் ரஷ்யாவின் சைபீரியாவிலுள்ள லேனா ஆற்றுப் படி நிலங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். இரண்டு வருடமாவது தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் ஏறாத உறைநிலம் அது. அந்த ஆற்றங்கரை ஊரான யாகுட்ஸ்கில் 1837 வரை 116 மீட்டர் தோண்டியும் உறைந்த மண்தான் வந்தது. அங்கே சரளைக்கல் இடுக்கில் பனிக்கட்டி நிறைந்தால் எண் பல ஆயிரத்துக்குப் போகும், பாறையும் அதே எண்ணைக் காட்டும். களிமண்ணில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் தங்குவதால் எண் அவ்வளவு ஏறாது. அங்கும் கம்பி பிடிக்காத கல்தரையில் உப்புத்தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சு வைக்கிறார்கள், ஒரே கோட்டைக் கோடையிலும் குளிரிலும் திரும்ப அளக்கிறார்கள், சந்தேகம் வந்தால் துளையிட்டும் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரத்து ஊர், நம்ம பாடேதான்!

கடலோரத் தேங்காய்ப்பட்டணம் பக்கம் இதற்கு நேர் எதிர். உப்புத்தண்ணீர், களிமண் இரண்டுமே குறைந்த எண் காட்டும், அங்கே பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக வாங்குங்கள், கூடவே ஒரு மண் துளைக்கும் ஆகரும் வாங்கிவிடுங்கள். ஆற்றுப் படி நிலத்துக்கு இப்போதெல்லாம் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை என்று இரண்டு தரம் போகாமல் நான் இடம் குறித்துக் கொடுப்பதில்லை.