பூட்டை மாற்றாமலே வேலை முடிந்தது: சாட்ஸ்வொர்த் பூட்டுக்காரர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் டவுனில் மனைவியின் கைப்பை பறிபோனபோது வீட்டு மாற்றுச் சாவியும் கூடவே போனது. பையில் மின்கட்டண ரசீதும் இருந்ததால் முகவரியும் திருடன் கையில். வெறும் சாவி என்றால் சும்மா விட்டிருப்பேன். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு பூட்டுக்காரரை அழைத்தோம். முன்வாசல் கம்பிக் கதவுப் பூட்டின் சிலிண்டரை (சாவி நுழையும் உருளை) கழற்றி, உள்ளிருக்கும் சின்னப் பின்களை மட்டும் மாற்றிப் புதுச் சாவி வெட்டித் தந்தார். பழைய சாவி இனி உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது. புதுப் பூட்டு வாங்குவதைவிடச் செலவு குறைவு. பின்கதவில் பழைய இரண்டு லீவர் பூட்டு, அதாவது சாவி தூக்கும் தகடுகள் உள்ளே இரண்டே உள்ள பூட்டு. அதற்குச் சாவி வகைகளே கொஞ்சம்தான், வேறொருவர் சாவியும் திறந்துவிடலாம், தூக்கிப் போடுங்கள் என்றார். நியாயமான பேச்சு. ஒரே குறை, சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மாமியார் புலம்பித் தீர்த்துவிட்டார்.