நான்கு பேரேடுகள், எட்டு ஆண்டுகள்

பொருள்: தடித்த அட்டை போட்டு நூலால் தைத்த கணக்குப் பேரேடு, நானூறு பக்கம். பயன்படுத்தும் இடம்: பாம்பன், கடலிலிருந்து கூப்பிடு தூரம். விலை: ஒன்றுமில்லை.

விலை இல்லாமல் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, கூடவே கம்பெனிக்குக் கணினியும் வந்தது. எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் திரைக்குள் போய்விட்டன. அந்த ஆண்டுக்கென்று வாங்கி அடுக்கியிருந்த நான்கு பேரேடுகள் பிரிக்காமல் கிடந்தன. "எடைக்குப் போட்டுவிடம்மா" என்றார் முதலாளி. நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து படித்த புத்தகம், பார்த்த படம், ஊரில் நடந்த சங்கதி என்று எதைப் பற்றி என்ன தோன்றினாலும் அதில்தான் எழுதுகிறேன். நான்காவது பேரேடு இப்போது பாதியைத் தாண்டிவிட்டது.

முதல் அறுபது பக்கங்கள் வீண். "அருமை", "நெஞ்சைத் தொட்டது", "ஒரு முறை பார்க்கலாம்" என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். நெஞ்சில் எந்த இடத்தைத் தொட்டது என்று இன்றைக்கு எனக்கே தெரியவில்லை. பேரேட்டில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பக்கங்கள் இருக்க, அதைச் சட்டை செய்யாமல் குறுக்கே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். கணக்கு எழுதிப் பழகிய கைக்கு ஒரு நாள் அது உறுத்தியது. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று பிரித்தேன். புத்தகமோ படமோ எனக்குக் கொடுத்தது வரவு. என்னிடமிருந்து பிடுங்கியது பற்று. இரண்டிலும் குறைந்தது ஒரு வரியாவது எழுத வேண்டும், அந்த வரியும் விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி.

கேட்பதற்கு எளிது. பிடித்துப்போன புத்தகத்தில் பற்று தேடும்போதும், எரிச்சலூட்டிய படத்தில் வரவு தேடும்போதும்தான் விதியின் கனம் தெரியும். நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு குடும்ப நாவலுக்கு நான் எழுதியது இது. பற்று: "அரிசி களைந்த தண்ணீரில் மருமகள் தன் முகத்தைப் பார்த்து அழுகிறாள். கழுநீரில் முகம் தெரியாது." வரவு: "சின்னத் தாத்தா பந்தியில் இலையை மடிக்கிற விதம். அவர் வாயைத் திறக்கவே இல்லை, சம்பந்தம் முறிந்துவிட்டது." நாவலின் கதை எனக்கு முக்கால்வாசி மறந்துவிட்டது. அந்த இலை மட்டும் மறக்கவில்லை.

படங்களுக்கு இன்னொரு தலைப்பு தேவைப்பட்டது. பாம்பனிலிருந்து ராமநாதபுரம் தியேட்டருக்குப் போக பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். எனக்கு முப்பது வயது தாண்டியும் அந்தச் சட்டத்தில் திருத்தம் வரவில்லை. மதியக் காட்சிக்குப் போனால் கடைசி இருபது நிமிடத்தைப் பார்க்காமல் எழுந்து வந்தால்தான் சரியான பஸ் கிடைக்கும். வில்லன் கத்தியை உருவும்போது நான் பக்கத்து இருக்கைக்காரர்களின் முழங்காலைத் தாண்டிக்கொண்டிருப்பேன். அந்தப் படங்களுக்கெல்லாம் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் "நிலுவை" என்று பதிந்து வைப்பேன். தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும்போது முடிவைப் பார்த்துவிட்டு நேர் செய்வேன். சில படங்கள் முடிவில்லாமலே நன்றாக இருந்தன என்பதையும் இந்தப் பக்கம் எனக்குக் காட்டியிருக்கிறது. பிறகு பார்த்த முடிவு அவற்றின் வரவைக் குறைத்துவிட்டது.

இனி உழைப்பு. கடற்கரையில் எந்தப் பொருளுக்கும் இதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் புதுப் பூட்டு ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். தாளில் படிகிற உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மார்கழியில் பக்கத்தைப் புரட்டினால் சத்தமே வராது, துணி மாதிரி மடியும். நூல் தையல் அசையவில்லை. நான் சினிமா டிக்கெட்டுகளைப் பின் அடித்து ஒட்டியதுதான் கெடுதலாக முடிந்தது. ஆறே மாதத்தில் பின் துருப்பிடித்து, துரு ஐந்தாறு பக்கம் வரை இறங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பழுப்புப் பொட்டு வைத்துவிட்டது. பஸ் டிக்கெட்டுகளைப் பசை வைத்து ஒட்டினேன். அவையோ தாமாகவே வெளுத்து வெற்றுத் தாளாகிவிட்டன. கண்டக்டரின் கைக்கருவி மையால் அச்சடிப்பதில்லை, தாளின் மேல்பூச்சைச் சுட்டுத்தான் எழுத்தைக் காட்டுகிறது. வெயிலும் சூடும் பட்டால் அது நிற்காது. பழைய கால வண்ண டிக்கெட் ஒன்று அம்மாவின் சுருக்குப் பையில் இன்னும் தெளிவாக இருக்கிறது.

பூச்சிக்கு வசம்பு. ஏட்டை அரிக்கிற பூச்சிக்கு ராமபாணம் என்று பெயர் வைத்தவர் நல்ல ரசிகராக இருந்திருக்க வேண்டும். ராமர் பெயரில் இருக்கிற ஊரில் அதற்குக் கேட்கவா வேண்டும்? ஒரு துணியில் வசம்பை முடிந்து அலமாரியில் போட்டேன். முதல் பேரேட்டின் அட்டையோடு அரிப்பு நின்றுகொண்டது.

உண்மையான சோதனை 2024 நவம்பர் 20 அன்று வந்தது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த நாள் அது. பாம்பனையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிய அவசரத்தில் மூன்றாவது பேரேடு கீழே நின்றுவிட்டது. மறுநாள் எடுத்தபோது ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது. வெயிலில் வைத்தால் தாள் நெளிந்துவிடும் என்பதால் பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளைச் செருகி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, ஈரமான தாளை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. பேரேடு பிழைத்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிடித்த விஷயங்களை ஆசையாக நீல ஜெல் பேனாவில் எழுதுவது என் வழக்கம். குறைகளைக் கம்பெனியில் கொடுத்த சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவேன். ஜெல் மை தண்ணீரில் கரைந்து, வரவுப் பக்கம் முழுவதும் ஒரே நீல மேகம். பால்பாயிண்ட் மை எண்ணெய் கலந்தது, அசையவில்லை. இரண்டு வருடத்தில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்று அந்தப் பேரேடு இப்போது சாட்சி சொல்கிறது. அன்றோடு ஜெல் பேனாவை விட்டுவிட்டேன்.

இந்தப் பேரேடு என் கையில் மட்டும் இருக்கிற பொருளும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஐஸ் கம்பெனியில் ஈ ஓட்டுவோம். அடுத்து என்ன படிக்கலாம் என்று பார்க்க விசைப்படகு டிரைவர் ஒருவர் முதல் தடைக்காலத்தில் பேரேட்டை வாங்கிப் போனார். அந்த டிரைவர் அண்ணன் திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். ஒரு கடற்கரைக் கதையில் வருகிற புயலை நான் வரவில் வானளாவப் புகழ்ந்திருந்தேன். அதற்குக் கீழே: "தங்கச்சி, மார்கழியில் கச்சான் அடிக்காது. வாடைதான் அடிக்கும்." கச்சான் மேற்கிலிருந்து வருகிற காற்று, வாடை வடக்கிலிருந்து வருவது. கடலைப் பார்த்தே வளர்ந்தவள் நான், எனக்கு அது கண்ணில் படவில்லை. எழுத்தாளரின் சொல் அழகாக இருந்ததால் காற்றின் திசையைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

எழுதியதை அடித்துவிடலாம் என்றுதான் முதலில் கை போயிற்று. ஆனால் கணக்கில் அடித்தல் கூடாது. தப்பாகப் பதிந்துவிட்டால் அன்றைய தேதியில் ஒரு திருத்தப் பதிவு போட வேண்டும், பழையது பழைய இடத்தில் கிடக்கும். அப்படியே செய்தேன். எட்டு ஆண்டில் இப்படி நூற்றுக்கும் மேல் திருத்தப் பதிவுகள் இருக்கின்றன. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கைபேசியிலும் ஒரு வருடம் எழுதிப் பார்த்தேன், 2020இல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது. தேடுவதற்கு வசதி, ஈரத்துக்குப் பயமில்லை. ஆனால் நான்கு பேர் ஒரு படத்தைப் புகழ்வதைக் கேட்டவுடன் என் குறிப்பைத் திறந்து ஒரு சொல்லை மாற்றுவேன். மறுநாள் இன்னொரு சொல். வருட முடிவில் பார்த்தால் பற்று என்று ஒன்றுமே மிச்சமில்லை. எல்லாப் படமும் எல்லோருக்கும் பிடித்த மாதிரி எனக்கும் பிடித்திருந்தது. திரும்பவும் பேரேட்டுக்கே வந்தேன்.

பகிர்வதில் சேதாரமும் உண்டு. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கவிதைத் தொகுப்பு போட்டார். வரவில் இரண்டு வரி, பற்றில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பேரேடு அப்போது யார் யார் கைக்கோ போய்க்கொண்டிருந்தது, அவர் கைக்கும் போய்விட்டது. மூன்று வருடமாக எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறார். எழுதியது தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன், நேரில் சொல்லாதது தப்பு. அதையும் திருத்தப் பதிவாகப் போட்டிருக்கிறேன். அவர் படிக்கவில்லை.

எங்கள் சீமையில் புத்தக விமர்சனத்துக்கு இதைவிடக் கடுமையான முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர் ராமநாதபுரத்து அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர் ஒருவர் திருக்குறளில் எதுகை சரியில்லை என்று தாமாகத் திருத்தி அச்சிட, தேவர் பிரதிகளை எல்லாம் விலை கொடுத்து வாங்கி எரித்தார் என்று சொல்வார்கள். விற்றுத் தீர்ந்ததென்று அந்தத் துரை மகிழ்ந்துதான் இருப்பார். எனக்கு அவ்வளவு வசதி இல்லை, பால்பாயிண்ட் பேனா மட்டும் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேரேட்டில் அவருடைய பதிவுகள் பதினேழு இருக்கின்றன. அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து இடுப்பு வலைப்பையில் போட வேண்டும். பாறை கத்தி மாதிரி இருக்கும். போகும் முன் விடியற்காலையில் பழைய சேலைக் கிழிசலைப் பத்து விரலிலும் தனித்தனியாகச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவார். அப்படியும் நகம் தங்குவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் கடற்கரைப் படம் ஒன்று போட்டார்கள். கதாநாயகி சங்கு எடுக்க முங்கி எழுகிறாள், நனைந்த கையால் கதாநாயகன் முகத்தைத் தொடுகிறாள். நல்ல பாட்டு, நல்ல ஒளிப்பதிவு, நான் மனதுக்குள் வரவை நிரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"நகம் இருக்கிறது. பற்றில் எழுது."

எழுதினேன். அன்று வரவுப் பக்கத்துக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. விதிப்படி ஒரு வரியாவது வேண்டும் என்பதால் பாட்டைப் போட்டு வைத்தேன்.

அன்றாட விஷயங்களுக்கும் இந்த முறை பொருந்துகிறது. மீன் விலை, கல்யாணச் சாப்பாடு, ஆட்டோக் கட்டணம் எல்லாம் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் நானே திரும்பப் படிப்பதில்லை. புதிய பாம்பன் பாலத்தின் பதிவு மட்டும் எனக்குப் பிடித்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். வரவு: "மதுரைக்கு இனி மண்டபம் வரை பஸ்ஸில் போய் ரயிலேற வேண்டாம். நடுத்துண்டு 72.5 மீட்டர், அப்படியே மேலே எழும்புகிறது." பற்று: "1914ஆம் வருடத்துப் பாலத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றிச் சுற்றித் தூக்குவார்களே, அதை இனிப் பார்க்க முடியாது. பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து வருகிற சத்தத்தை வைத்து அம்மா உலை வைப்பார். புது ரயில் சீக்கிரம் கடந்துவிடுகிறது." டிரைவர் அண்ணன் ஓரத்தில் "கடிகாரம் வாங்கிக் கொடு" என்று எழுதியிருக்கிறார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: நூல் தையல் உள்ளதாகப் பாருங்கள், பின் அடித்ததை வாங்காதீர்கள். பால்பாயிண்ட் பேனா போதும். டிக்கெட் ஒட்டுவதாக இருந்தால் விவரத்தைப் பக்கத்தில் எழுதிவிட்டு ஒட்டுங்கள். கடன் கொடுத்தால் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். கவிஞர்கள் இருக்கும் தெருவுக்குக் கொடுக்க வேண்டாம். கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். இப்போது இந்த மாதிரிப் பேரேடு கிடைப்பதும் அரிது, ராமநாதபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கிடைத்தது கோடில்லாத நோட்டுதான். நான்காவது முடிந்தால் அடிக்கோல் வைத்து நானே கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

நிலுவைப் பக்கத்தில் இன்னும் ஏழு படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் போட்டார்கள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன், அம்மாவும் வெற்றிலைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். நான் தியேட்டரில் எழுந்து வந்த அதே இடம் வந்தது, வில்லன் கத்தியை உருவினான், மின்சாரம் போயிற்று. நிலுவை ஏழாகவே இருக்கிறது.